விரும்பும் பதவி: எதுவானாலும்

போன ஞாயிற்றுக்கிழமை என் சின்னம்மாவின் மகன் பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு நீல நிற ஃபைல். "அண்ணா, இதை ஒருக்காப் பாத்துத் தாங்கோ" என்று தன் சுயவிவரக்கோவையை நீட்டினான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகம் படித்து முடித்தவன். மூன்று பக்கம். பிறந்த திகதி, கிராம சேவகர் பிரிவு, சாதாரண தரம், உயர்தரம், பட்டம், பாடசாலைக் கிரிக்கெட் அணித் தலைவர் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. முதல் பக்கத்தில் 'விரும்பும் பதவி' என்று ஒரு வரி. அதற்கு நேரே 'எதுவானாலும்' என்று அடித்திருந்தான்.

"ஏனடா இப்பிடி?"

"ஒண்டைச் சொன்னால் மற்றதெல்லாம் போயிடும் எல்லே, அண்ணா."

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011இல் நானும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதினேன். எங்கள் ஊரில் வேலை தேடுகிற பிள்ளைக்கு வீட்டில் சொல்வது இரண்டே இரண்டு. அரசாங்க வேலை கிடைக்கும் வரை பார்த்துக்கொண்டிரு. இல்லாவிட்டால் கிடைத்ததைப் பிடி. 2017இல் கிழக்கில் வேலையில்லாப் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்காகத் தெருவோரக் கொட்டகைகளில் போராட்டம் இருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பெற்றோர் 'கிடைத்ததைப் பிடி' என்று சொன்னால் அதில் அன்புதான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் என்னிடமிருந்து பதினொரு வருடங்களை எடுத்துக்கொண்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பதினொரு வருடமும் நான் கட்டடப் பொருள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்தேன். உதவியாளராகச் சேர்ந்து, களஞ்சியக் காப்பாளரானேன். சீமெந்து, தகரம், பெயின்ற், குழாய். வந்த சரக்குக்கு ரசீது, போன சரக்குக்கு ரசீது, ஒவ்வொரு பொருளுக்கும் வந்தது, போனது, மிச்சம் எழுதிவைக்கும் ஓர் அட்டை, அதாவது பின் கார்ட். வேலை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் ஒரு களஞ்சியத்துக்குள் நுழைந்தால், எந்த மூலையில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தூசியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். என் சம்பளம் 58,000 ரூபா. வருடத் தொடக்கத்தில் அது 290 டொலர். நடுவில் 160 டொலர். ஒரு சதமும் குறையாமலே சம்பளம் பாதியாகியது. அந்த ஒக்டோபரில் எங்கள் களஞ்சிய முகாமையாளர் விலகினார். 'அடுத்தது நீர்தான்' என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்தவர்கள் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் இருத்தினார்கள். அவர் நல்ல மனிதர். பின் கார்ட் எப்படி எழுதுவது என்று முதல் வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

நவம்பரில் ஓர் இரவு. கரண்ட் போயிருந்தது. மேசையில் சார்ஜ் லைற். பிள்ளை படித்து முடித்த ஒரு சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதில் இப்படி எழுதினேன்:

2023 டிசம்பர் முடிய முதல், பல மாவட்டங்களில் களஞ்சியம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், களஞ்சிய முகாமையாளர். சம்பளம் 120,000. இருப்பது திருகோணமலையில்.

எழுதிவிட்டுப் பார்த்தபோது காது சூடானது. யாரோ பின்னால் நின்று வாசிப்பது போல ஒரு கூச்சம். உண்மையிலேயே மனைவி பின்னால் நின்றுதான் வாசித்தாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"சரி. இந்த வேலைக்கு உங்களிட்ட என்ன இருக்கு, என்ன இல்லை?"

இன்றுவரை என் வேலை பற்றி யாரும் கேட்ட கேள்விகளில் இதுதான் பெரியது. வலது பக்கத்தில் 'இல்லாதவை' என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் தொடர்ந்து பத்து நிமிடம் பேச வராது. எக்செலில் கூட்டல், கழித்தலுக்கு மேல் தெரியாது. சரக்கு, கொள்வனவு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கப் பெரிய நிறுவனங்கள் பாவிக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருளைக் கண்ணால் கண்டதில்லை. துறை சார்ந்த சான்றிதழ் ஒன்றும் இல்லை. திருகோணமலைக்கு வெளியே என் வேலையைத் தெரிந்தவர்கள் நான்கு பேர். பக்கம் நிரம்பிவிட்டது.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்றிரவு நான் 'இன்னொரு நல்ல களஞ்சியத்தில் காப்பாளர் வேலை, 65,000 சம்பளம்' என்று எழுதியிருந்தால் அந்த வலது பக்கம் வெறுமையாக இருந்திருக்கும். அந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. சின்ன இலக்கு ஒன்றும் கேட்காது. நீ இருந்தபடியே இரு, இடத்தை மட்டும் மாற்று என்று சொல்லும். பெரிய இலக்கு கடன்காரனைப் போல வாசலில் வந்து நின்று, இன்னின்னது தர வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்கும். வேலை தேடும்போது நம் அளவுக்கு மீறி ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்தப் பட்டியலுக்காகத்தான். பதவி கிடைக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் விஷயம்.

சான்றிதழுக்காக ஜனவரியில் விநியோகச் சங்கிலி டிப்ளோமா ஒன்றில் சேர்ந்தேன். கொழும்பில் நடக்கும் வகுப்பு. சனி, ஞாயிறில் சூம் வழியாக வீட்டிலிருந்தே இருக்கலாம். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ சேர் ஒரு கதை சொன்னார். 1970களில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் நடந்த ஆய்வு. மரக்குற்றி ஏற்றும் லொறிகள், சட்டம் அனுமதித்த எடையில் 60 வீதம் அளவுதான் ஏற்றிக்கொண்டு போயின. 'உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்' என்றுதான் சாரதிகளுக்கு அதுவரை சொல்லப்பட்டிருந்தது. கேரி லேதம் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் ஓர் எண்ணைக் கொடுக்கச் செய்தார்கள்: 94 வீதம். கூலியைக் கூட்டவில்லை, புதுப் பயிற்சி கொடுக்கவில்லை. எட்டாவிட்டால் தண்டனை இல்லை என்றும் சொன்னார்கள். முதல் மாதம் 80க்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70க்கு இறங்கியது. மூன்றாம் மாதம் 90ஐத் தாண்டி, பிறகு அங்கேயே நின்றது. எட்வின் லொக் என்பவரும் லேதமும் பல வருடங்கள் இதே விஷயத்தை ஆராய்ந்து, தெளிவான, கடினமான இலக்கு 'முடிந்ததைச் செய்' என்பதைவிடக் கூடுதலாக வேலை வாங்கும் என்று காட்டினார்கள்.

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத ஓடவில்லை, உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்த லொறியை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் களஞ்சியத்திலிருந்து வாரம் இரண்டு முறை கிளைக்குச் சீமெந்து போகும். 50 கிலோ மூட்டை. பத்துத் தொன் லொறிக்கு 200 மூட்டை ஏற்றலாம். நாட்டாமைமார் நான்கு பேர் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு பலகையில் ஏறி இறங்குவார்கள். அடுக்கு ஓர் உயரத்துக்கு வந்ததும் மூத்தவர் கையைத் தட்டித் தூசியை உதறுவார். அதுதான் 'போதும்' என்பதன் அடையாளம். படங்கை இழுத்துக் கட்டிவிடுவார்கள். எண்ணிப் பார்த்தால் 160, 165. யாரும் களவு செய்யவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. கண்ணுக்கு நிறைந்தது போல இருந்தது, அவ்வளவுதான். 2015 அளவில் ஒருநாள் நான் களஞ்சியக் கதவின் உள்பக்கத்தில் சோக்கட்டியால் 200 என்று பெரிதாக எழுதினேன். அதற்குக் கீழே அன்றைக்கு ஏறிய எண்ணிக்கை. இரண்டு வாரத்தில் அவர்களே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இண்டைக்கு நூற்றித் தொண்ணூற்றி நாலு, எழுதுங்கோ" என்றார்கள். அதே தோள், அதே பலகை, அதே லொறி. கண்ணுக்கு முன்னால் ஓர் எண் வந்தது மட்டும்தான் புதிது.

என் வாழ்க்கையின் கதவில் அப்படி ஓர் எண் இருந்ததே இல்லை என்று அந்த வகுப்பில்தான் உறைத்தது.

ஆனால் லொறிக்கும் வேலை தேடுவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூட்டை நம் தோளில் இருக்கிறது. நியமனக் கடிதம் வேறொருவரின் மேசையில் இருக்கிறது. 120,000 என்று கதவில் எழுதிவிட்டு தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். ஆகவே பெரிய எண்ணைக் கொப்பியின் மேலே வைத்துவிட்டு, அதற்குக் கீழே என் கையால் ஆகக்கூடியதை மட்டும் எண்ணினேன். ஒரு வாரத்தில் மூன்று பேருடன் வேலை பற்றிப் பேசுவது. இரண்டு விண்ணப்பம், ஒவ்வொன்றும் அந்த நிறுவனத்துக்கென்றே எழுதியது. ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலம் எக்செல். காலையில் டச்சுக்குடாவில் நடக்கும்போது காதில் போனை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகுவது. கடற்கரையில் படுத்திருக்கும் மான்கள் முதல் வாரம் என்னைக் கண்டு எழுந்து விலகின. பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை.

எக்செல் பழகியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலை கிடைத்ததில் பெரிய பங்கு அதற்குத்தான்.

களஞ்சிய வேலையில் ஏ.பி.சி. பகுப்பு என்று ஒன்று உண்டு. எல்லாப் பொருளும் ஒரே அளவு காசு கொண்டுவருவதில்லை. ஒரு சிறிய பங்குப் பொருட்கள்தான் பெரும்பங்கு வருமானத்தைத் தரும். அவற்றை ஏ என்று பிரித்து நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். வகுப்பில் படித்தேன். செய்து பார்க்க இடமில்லை. நிறுவனத்தின் கணக்கை வெளியே எடுத்துக் காட்டுவது முறையல்ல. அப்போதுதான் மாமாவின் கடை ஞாபகம் வந்தது. என் மனைவியின் தகப்பன் சிவன்கோவிலடிக்குப் பக்கத்தில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய், "மாமா, உங்கட கடையை ஒருக்கா எண்ணிப் பாக்கட்டே?" என்று கேட்டேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. 340 வகைப் பொருள். பற்றுக் கொப்பி, மொத்த வியாபாரியின் பில், எல்லாவற்றையும் வைத்து மூன்று மாத விற்பனையை எக்செலில் ஏற்றினேன். 61 பொருட்கள் விற்பனைக் காசில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுவந்தன. மறுபக்கம், அந்த மூன்று மாதமும் அசையாத பொருள் 90க்கு மேல். சப்பாத்துப் பொலிஷ், பழைய மாதிரி பற்றரி, மேல் தட்டில் மண்ணெண்ணெய் அடுப்புத் திரி. அவற்றில் முடங்கியிருந்த காசைக் கூட்டி மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கணக்குச் சரிதான். ஆனால் அந்தத் திரி போன வருசம் காஸ் இல்லாத நேரத்தில ரெண்டு பெட்டி ஒரே கிழமையில முடிஞ்சது. அது மிச்சப் பெட்டி." நான் அந்த வரியையும் தாளில் சேர்த்துக்கொண்டேன். எண்ணுக்குத் தெரியாததைக் கடைக்காரருக்குத் தெரியும். நல்ல களஞ்சிய முகாமையாளர் இரண்டையும் கேட்பார்.

மாமா அசையாத பொருட்களில் பாதியைத் தள்ளிவிட்டு அந்தக் காசுக்குப் பால்மாவும் பருப்பும் எடுத்தார். அந்தக் கடைக் கணக்கு ஏழு பக்கம் வந்தது. அதைப் படம் பிடித்தது போலச் சுத்தமாக அச்சடித்து ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு பதிலும் வரவில்லை. விண்ணப்பம் போனது, மௌனம் வந்தது. கொப்பியில் 'பேசியவர்கள்' என்ற இடத்தில் பூச்சியம், பூச்சியம், ஒன்று. அந்த லொறிகள் இரண்டாம் மாதம் 70க்கு இறங்கியதை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இறங்கியது, பிறகு ஏறியது. அது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிலருக்கு விளங்காது. எனக்கு இருந்தது.

ஜூனில்தான் உண்மையான சோதனை. ஊரிலேயே இன்னொரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. காப்பாளர் வேலை, 68,000. வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். அம்மா நேர்த்தி வைத்ததற்குப் பலன் என்றாள். கூட வேலை செய்தவர்கள் கைகொடுத்தார்கள். பத்தாயிரம் கூட, அந்த வருடத்தில் பத்தாயிரம் என்றால் ஒரு மாதப் பால்மா, அரிசி. இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் கொப்பியைத் திறந்து வலது பக்கத்தைப் பார்த்தேன். இந்த வேலை அந்தப் பட்டியலில் எதையாவது கேட்கிறதா? ஒன்றையும் கேட்கவில்லை. ஆங்கிலம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், பின் கார்ட் போதும். போய் உட்கார்ந்தால் இன்னொரு பதினொரு வருடம் ஓடிவிடும் என்று தெரிந்தது. போன் எடுத்து, மரியாதையாக நன்றி சொல்லி, வரமுடியாது என்றேன். அம்மா இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கையில் ஒரு வேலை இருந்தது, மனைவிக்குச் சிறு சம்பளம் இருந்தது. அடுப்பில் உலை வைக்க வழியில்லாதவர் கிடைத்த வேலையைப் பிடிப்பதுதான் சரி. பிடித்த பிறகும் கொப்பியை மூட வேண்டாம் என்று மட்டுமே அவருக்குச் சொல்வேன். இன்னொன்று: பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். என் அடிப்படைச் சம்பளம் 48,000. பதினொரு வருடத்துக்கு 264,000 ரூபா வரவேண்டும் என்று கொப்பியில் எழுதிவைத்திருந்தேன். இடம் மாறினால் முதல் சில மாதம் எதைக்கொண்டு சமாளிப்பது என்ற பயத்தை அந்த எண்தான் குறைத்தது. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இதைக் கேட்காமலே விலகிப் போயிருக்கிறார்கள். தொழில் திணைக்களத்தில் விசாரித்தால் சொல்வார்கள். கேளுங்கள்.

ஒக்டோபரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கொழும்பு போய், அது சரிவராமல், இரவு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். கடையில் பிளேன்ரீயோடு நின்ற ஒருவர் என்னையே பார்த்தார். "தம்பி, நீங்கள் திருமலையில ஸ்ரோர்ஸில நிண்டவர் எல்லோ?" முன்பு வத்தளையிலிருந்து எங்களுக்குச் சரக்குக் கொண்டுவந்த லொறிச் சாரதி. நான்கு வருடமாகக் கண்டதில்லை. பேசிய நேரம் பத்து நிமிடம். கடற்கரையில் பழகிப் பழகி வாயில் வந்த அந்த வசனம், நான் என்ன வேலை தேடுகிறேன் என்பது, தமிழிலேயே தெளிவாக வந்தது: பல கிளைக் களஞ்சியம் உள்ள இடத்தில் முகாமையாளர். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இப்ப ஓடுற கொம்பனி தம்புள்ளையில பெரிய ஸ்ரோர்ஸ் ஒண்டு திறக்குது. ஆள் எடுக்கினம். மனேச்சரின்ர நம்பர் தாறன்."

'எதுவானாலும் பரவாயில்லை அண்ணை' என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி நினைக்கிறேன். தலையாட்டிவிட்டு பஸ் ஏற வழிவிட்டிருப்பார். ஒருவருக்கு உதவ வேண்டும் என்று மனம் இருந்தாலும், எதற்கு உதவுவது என்று தெரியாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் பொஸ்டனுக்கு அருகில் வேலை மாறியவர்களைக் கேட்டு ஆராய்ந்து, 1970களில் அதை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது, அல்லது மிக அரிதாகக் காண்கிறவரே வழி காட்டியிருக்கிறார். காரணம் எளிது. தினமும் நம்மோடு இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். திருகோணமலையில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பாலையூற்றில் கேட்ட செய்தி உப்புவெளிக்கு அன்றிரவே போய்விடும், ஆனால் தம்புள்ளைச் செய்தி இங்கே வராது. அது லொறி ஓட்டுகிறவரிடம்தான் இருக்கும்.

டிசம்பரில் தம்புள்ளையில் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் தொடங்கினார்கள், எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன், பிறகு ஒரு சொல்லில் சிக்கினேன். நடுவில் இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். தேங்கிய சரக்கை எப்படிக் குறைப்பீர்கள் என்று கேட்டார். நான் பதிலைத் தொடங்கவில்லை. ஃபைலிலிருந்து ஏழு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அடுப்புத் திரி வரியில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். மாமா சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் கடையைப் பற்றியே பேசினோம்.

கடிதம் 2024 பெப்ரவரியில் வந்தது. உதவி முகாமையாளர். 105,000. தம்புள்ளை.

ஆகவே நான் எழுதியது எழுதியபடி நடக்கவில்லை. இரண்டு மாதம் பிந்தியது, பதவிக்கு முன்னால் 'உதவி' என்று ஒரு சொல் வந்தது, 15,000 குறைந்தது. பெரிய குறை மூன்றாவது வரியில்: 'இருப்பது திருகோணமலையில்' என்பது கைகூடவில்லை. திங்கள் விடியப்புறம் நாலரைக்கு பஸ் பிடிக்கிறேன், வெள்ளி இரவு வருகிறேன். மகள் என் சப்பாத்தை ஒளித்துவைத்த திங்கட்கிழமைகள் உண்டு. 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆகச் சிறந்த வேலையே வேண்டும் என்று தேடிய பட்டதாரிகள் மற்றவர்களைவிட 20 வீதம் கூடுதல் சம்பளம் பெற்றார்கள், ஆனால் திருப்தி குறைந்தவர்களாக இருந்தார்கள் என்கிறது. அதை வாசித்தபோது எனக்கு உள்ளே ஏதோ தைத்தது. பெரிய இலக்கு வைத்தவர் எட்டாத பங்கையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். கொப்பியின் இடது பக்கத்தைப் பார்ப்பதில்லை. வலது பக்கத்தை, அந்த 'இல்லாதவை' பட்டியலைப் பார்க்கிறேன். ஐந்து வரியில் நான்கை வெட்டியாகிவிட்டது. ஆங்கிலம் மட்டும் பாதி வெட்டு. அந்த நான்கு வெட்டையும் எந்த நிறுவனமும் என்னிடமிருந்து திருப்பி வாங்க முடியாது.

இனி என் தம்பியின் கதைக்கு வருகிறேன்.

அந்த 'எதுவானாலும்' என்ற சொல்லைப் பேனையால் வெட்டினேன். "இதில என்ன எழுதினால் உனக்கு வெட்கமாயிருக்கும்?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "ஹோட்டல் அண்ணா. முப்பது வயசுக்குள்ள ஒரு ஹோட்டலை நான் நடத்தவேணும்" என்றான்.

வளாகத்தில் படிக்கும் காலத்தில் இரண்டு சீசன் உப்புவெளியில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் நின்றிருக்கிறான். மூன்று பக்க சுயவிவரக்கோவையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'அது சும்மா லீவுக்குச் செய்தது' என்றான். அந்த இரண்டு சீசனில் என்னென்ன செய்தாய் என்று கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. இணையத்தில் வரும் பதிவுகளை இவன்தான் பார்த்திருக்கிறான். வெறுமையான அறைகளுக்கு விலையை எப்போது குறைப்பது என்று முதலாளிக்கு இவன்தான் சொல்லியிருக்கிறான். புது சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இடது பக்கத்தில் ஒரு வரி எழுதினான். வலது பக்கத்துக்குத் தன் கையாலேயே தலைப்பிட்டான். கணக்கு அறிவு இருக்கிறது. சிங்களம் பேச வரும், எழுத வராது. சமையலறைச் செலவு எப்படிப் போடுவது என்று தெரியாது. ஒரு பெரிய ஹோட்டலின் உள்ளே நடக்கும் வேலையைப் பார்த்ததில்லை.

"ஆரிட்ட முதல்ல கேக்கிறது, அண்ணா?"

"அந்த விடுதியில உன்னோட நிண்டு, பிறகு வேற இடம் போன ஆக்கள் ஆர் இருக்கினம்?"

யோசித்தான். ஒரு சமையற்காரர் இருந்தாராம். மூன்று வருடத்துக்கு முன்பு பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனவர். அதற்குப் பிறகு பேசியதில்லை. நம்பர் போனில் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, எழுந்து முற்றத்துக்குப் போய் முருங்கை மரத்துக்குக் கீழே நின்றான். மணி போகும் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அவன் குரல்.

"அண்ணை, என்னை ஞாபகமிருக்கே?"